நுரை அடக்கப்பட்டது

வெள்ளவத்தையில் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதை லிஃப்ட் மூன்று மாடி ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். வங்கி, கணக்காளர், டொக்டர், விசாவுக்குக் காத்திருக்கிறேன், இவை எல்லாம் இரண்டாம் மாடிக்குள் அடங்கிவிடும். என் வேலை அடங்காது. ஈஸ்டைக் கொழுக்க வைக்கிறேன் என்று ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் மாடி அன்ரி, பாண் பேக்கரியா என்று கேட்டார். இல்லை என்றதும் குரலைத் தணித்துக்கொண்டு, கள்ளா என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஆராய்ச்சி என்று மட்டும் சொல்லிவந்தேன். ஆராய்ச்சி என்றால் எவரும் மேலே கேட்பதில்லை. பாவம், இந்தப் பிள்ளை இன்னும் படித்து முடிக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் அது உண்மையிலேயே கொழுக்க வைக்கும் வேலைதான். பள்ளிக்கூடப் புத்தகம் மதுவம் என்று சொல்லும் ஈஸ்டில் எத்தனையோ இனங்கள் உண்டு. பாணுக்குப் போடுவது ஒன்று. எங்களிடம் இருந்தது வேறொன்று. கரும்பு ஆலை ஒன்றின் பக்கத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்தது, தட்டில் வளர்ந்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்குச் சீனியை அள்ளிக் கொடுத்து, நைதரசனை மட்டும் கையைச் சுருக்கிக் கொடுப்போம். முதல் ஒன்றிரண்டு நாட்கள் ஒழுங்காகப் பெருகும். பிறகு நைதரசன் தீர்ந்துபோகும். புதிய கலம் கட்டப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைதரசன் வேண்டும், அது இல்லை. சீனியோ சுற்றிவரக் கிடக்கிறது. தின்னாமல் இருக்க அதற்குத் தெரியாது. தின்றதையெல்லாம் கொழுப்பாக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எண்ணெய்த் துளி பளபளக்கும். சோறும் சீனி போட்ட தேத்தண்ணியுமாக வாழ்ந்து வயிறு வைத்த சித்தப்பாமார் எனக்கு இருவர் இருக்கிறார்கள். ஆகவே முதல் நாள் பேராசிரியர் இதை விளக்கியபோது எனக்குப் பெரிய வியப்பு ஒன்றும் ஏற்படவில்லை.

எரிபொருள் வரிசைகளில் நின்று நாடு களைத்துப்போயிருந்த காலத்தில் இந்த வேலைக்கு ஒரு மவுசு வந்தது. ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகைக் கொடுத்து ஈஸ்டிடமிருந்து கொழுப்பை வாங்கி, அதிலிருந்து டீசலுக்குப் பதிலாக ஒன்றைச் செய்யலாம் என்று எங்கள் பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். ஆராய்ச்சிக்குப் பணம் தரும் நிதியம் ஒன்றிலிருந்து மூன்று வருடங்களுக்கு உதவி கிடைத்தது. இரண்டாம் கட்டமாக இன்னும் மூன்று வருடங்கள் தருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். உலர்ந்த ஈஸ்டின் நிறையில் நூற்றுக்கு நாற்பது பங்காவது கொழுப்பாக இருக்க வேண்டும். அதையும் சின்னக் குடுவையில் காட்டினால் போதாது, ஐந்து லீற்றர் நொதிப்புக்கலத்தில் காட்ட வேண்டும். நாற்பது வந்தால், எம்.பில். எனப்படும் என் முதுதத்துவமாணிப் பதிவு கலாநிதிப் பதிவாக மாறும், சம்பளம் தொடரும், நான் கொழும்பில் இருப்பேன். வராவிட்டால் அண்ணன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த படிவங்களை நிரப்ப வேண்டியதுதான். அம்மா அவற்றைச் சாமிப்படத்துக்குக் கீழே அலுமாரித் தட்டில் பத்திரமாக வைத்திருந்தார். எனக்குப் போக விருப்பமில்லை. அதற்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. இந்த ஊரில் கடைக்காரனோடு மூன்று மொழிகளில் சண்டை பிடிக்க எனக்குத் தெரியும். அங்கே போனால் ஒரே மொழியில் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று பட்டது, அவ்வளவுதான்.

ஆய்வுகூடத்தில் நாங்கள் மூன்று பேர். பேராசிரியர் சிங்களப் பெண்மணி, ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் நல்ல ஆங்கிலத்தில் பேசுவார். இரண்டாவது நான், ஆராய்ச்சி உதவியாளர். மூன்றாவது தொழில்நுட்ப உத்தியோகத்தரான அக்கா. கொட்டாஞ்சேனைக்காரர், ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த ஆள். என்னை ‘நங்கி’ என்று சிங்களத்தில் தங்கை முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தமிழில் சொல்வார். கையுறை ஒரு சோடி எடுத்தாலும் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். தராசுக்குப் பக்கத்தில் சீனி சிந்திக் கிடந்தால் யார் சிந்தியது என்று கேட்கமாட்டார், துடைக்கும் துணியை நேரே என் கையில் தருவார். பெரும்பாலும் நான்தான் சிந்தியிருப்பேன், ஆனாலும் அது எனக்குப் பிடிக்காது. கொழுப்பைப் பகுத்துப் பார்க்கும் பெரிய இயந்திரம் அவருடைய பொறுப்பில் இருந்தது. அந்த அறைச் சாவி அவருடைய கைப்பையில்தான் இருக்கும், பேராசிரியரே கேட்டுத்தான் வாங்குவார். அந்தச் சாவியையும் அந்த மிடுக்கையும் பார்த்து, இவர் நிரந்தர நியமனத்தில் இருப்பவர், ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகப்போகிறவர் என்று நினைத்திருந்தேன்.

குடுவைகளில் எங்கள் ஈஸ்ட் முப்பதைத் தாண்டியிருந்தது. நொதிப்புக்கலத்துக்கு மாற்றியபோது நுரை தொடங்கியது. நொதிப்புக்கலம் என்பது ஒரு பெரிய கண்ணாடிச் சாடி. அடியிலிருந்து காற்று போகும், நடுவில் துடுப்பு சுழலும். கரும்புப் பாகுக்குள் காற்றை ஊதினால் என்ன நடக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். பழுப்பு நுரை மேலே ஏறும், மூடியைத் தொடும், காற்று வெளியேறும் வடிகட்டியை நனைக்கும். வடிகட்டி நனைந்தால் அடைக்கும், வெளியிலிருந்து கிருமியும் புகும். அப்படி இரண்டு தடவைகள் ஐந்து நாள் வேலையை வடிகாலில் ஊற்றினோம்.

இதைத் தடுக்க நுரையடக்கி என்று ஒரு திரவம் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டால் நுரை படுத்துவிடும். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எங்களிடம் இருந்த கடைசிப் போத்தல் தீர்ந்துபோய்விட்டது. புறக்கோட்டையில் இரசாயனம் விற்கும் கடைக்காரர், அடுத்த கப்பலில் வருகிறது என்று மூன்று கப்பல்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கியது. நுரையடக்கி இல்லாமலே தொடங்குவோம், காற்றைக் குறைத்துக் கூட்டிச் சமாளிப்போம் என்று பேராசிரியர் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு நுரை மூடியைத் தொட்டது. பேராசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா இயந்திர அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேலையாக இருந்தார். காற்றைக் குறைத்தேன், துடுப்பின் வேகத்தைக் குறைத்தேன். நுரை நின்றதே தவிர இறங்கவில்லை. நான் கீழே சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிப்போய், அங்கே சமைப்பவரிடம் அரைக் கோப்பை தேங்காய் எண்ணெய் வாங்கிவந்தேன்.

பருப்பு நுரைத்துப் பொங்கி வந்தால் சட்டிக்குள் துளி எண்ணெய் விடுவதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அடுப்படியில் நிற்பவரின் கை தானாகப் போத்தலுக்குப் போகும். பருப்புக்குள் என்னென்ன போட்டாய் என்று கேட்டால் மஞ்சள், உப்பு, மிளகாய் எல்லாம் சொல்வோம். அந்த எண்ணெயைச் சொல்லமாட்டோம். அது போட்டது என்ற கணக்கில் வராது. சமாளித்தது என்ற கணக்கில் வரும்.

அன்று நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த எண்ணெயைச் சின்னப் போத்தலில் ஊற்றி, பிரஷர் குக்கரின் மூத்த அண்ணன் மாதிரி மூலையில் நிற்கும் ஓட்டோக்கிளேவில் வைத்துக் கிருமி நீக்கினேன். ஆறவிட்டேன். விளக்குச் சுடரில் போத்தல் வாயைக் காட்டி, மூடியிலிருந்த சின்னத் துவாரத்தால் கொஞ்சம் ஊற்றினேன். நுரை அப்படியே இறங்கிப் படுத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த மூன்று நாட்களும் நுரை எழும்பும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு கிருமிகூடப் புகவில்லை. எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளப்பதற்காகவே வைத்திருந்த சாடிக்குள் கொழுப்பை ஊற்றுகிறேன் என்ற நினைப்பு, அந்த நான்கு நாட்களில் ஒரு கணமும் எனக்கு வரவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் போட்டு, ‘நுரை அடக்கப்பட்டது’ என்று எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். எதனால் அடக்கப்பட்டது என்று எழுத வேண்டும் எனத் தோன்றவில்லை.

ஐந்து நாட்கள் முடிந்ததும் ஈஸ்டைப் பிரித்து, கழுவி, உலர்த்தி, கரைப்பானில் ஊறவைத்துக் கொழுப்பை எடுத்து நிறுத்தேன். நாற்பத்தாறு வந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு மாதிரிகள் செய்தேன். நாற்பத்தைந்து, நாற்பத்தேழு. தராசுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். துடைக்கும் துணி அங்கேதான் இருந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பேராசிரியர் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ‘நுரை அடக்கப்பட்டது’ என்ற இடத்தில் விரல் நின்றதாக நினைவில்லை. காற்றைக் குறைத்துச் சமாளித்தேன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். கொழுப்பில் என்னென்ன அமிலங்கள் இருக்கின்றன என்ற பட்டியல் பின்னால் வரும் என்று குறிப்பிட்டு, அந்த வாரமே நாற்பத்தாறு என்ற முடிவை நிதியத்துக்கு அனுப்பிவிட்டார். நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், இன்னும் மூன்று வருடம் இங்கேதான் என்றேன். அம்மா வடைக்கு உழுந்து ஊறப்போட்டார். அது சந்தோஷமா, ரொறன்ரோ கைநழுவிப்போன துக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. வடை நன்றாக வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா என்னை இயந்திர அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த இயந்திரம் கொழுப்பை அமிலம் அமிலமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தாளில் ஒரு மலை மாதிரி வரைந்து காட்டும். எங்கள் ஈஸ்டின் மலைகள் எனக்கு மனப்பாடம். முன்பக்கம் வெறும் சமதரை, தாளின் நடுவில் ஒன்று, அதற்குப் பின்னால் உயரமாக ஒன்று. அக்கா மேசையில் விரித்த தாளில் அவை இரண்டும் இருந்தன. அவற்றுக்கு முன்னால், எதுவுமே இருக்கக்கூடாத இடத்தில், இன்னொரு மலை நிமிர்ந்து நின்றது.

“இது நம்ம ஈஸ்ட் செய்றதில்ல நங்கி. இது தேங்கா” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அரைக் கோப்பை, போத்தல், விளக்குச் சுடர், நான்கு நாட்கள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. பிறகு, நான் சொல்லப்போவது பொய் என்று தெரிந்துகொண்டே, இயந்திரத்துக்குள் பழைய மாதிரி மிஞ்சியிருக்கலாம் என்றேன். போன மாதம் யாரோ தேங்காய் எண்ணெய் பரிசோதிக்கக் கொண்டுவந்தார்களே, அதன் எச்சமாக இருக்கலாம் என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

அக்கா வாதாடவில்லை. வெறும் கரைப்பானை மட்டும் எடுத்து இயந்திரத்துக்குள் செலுத்தினார். அது ஓடி முடிய நாற்பது நிமிடங்கள் ஆகும். நாங்கள் இருவரும் அந்தச் சின்ன அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். குளிரூட்டி சத்தம் போட்டது. இரண்டாவது தாள் வந்தது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேர்கோடு. இயந்திரத்துக்குள் எந்த எச்சமும் இல்லை. அதை முதல் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நாளைக்கி மத்தியானம் நான் இத ப்ரொபெசர்கிட்ட குடுக்கணும். அதுக்கு முந்தி நீங்களே போய் சொல்லிட்டா நல்லா இருக்கும்” என்றார்.

அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டு வந்தேன். எனக்கு அக்கா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எண்ணெயை ஊற்றியது நான், மறைக்கப் பார்த்தது நான். ஆனால் ஆத்திரத்துக்கு அதெல்லாம் தெரிவதில்லை. இரண்டாம் கட்டம் உறுதியாகும்வரை அந்தத் தாளை ஒரு கோப்புக்குள் வைத்திருந்தால் குறைந்தா போய்விடுவார் என்று நினைத்தேன். நிரந்தர உத்தியோகம், ஓய்வூதியம், கைப்பையில் சாவி, இவ்வளவும் இருக்கிறவருக்கு நேர்மையாக இருப்பது என்ன கஷ்டம் என்று நினைத்தேன். ஊர் விட்டுப் போக வேண்டி வரப்போவது எனக்குத்தானே. கொள்ளுப்பிட்டி தாண்டி, பம்பலப்பிட்டி தாண்டி, இதையே திருப்பித் திருப்பி எனக்குள் சொல்லிக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய தரிப்பிடத்தை விட்டுவிட்டேன். தெஹிவளைப் பாலத்தடியில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை பேராசிரியர் கைப்பையை வைப்பதற்கு முன்பே போய்ச் சொன்னேன். அது வீரம் அல்ல; மதியம் ஆகிவிடுமே என்ற பயம். அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எவ்வளவு ஊற்றினாய் என்று மட்டும் கேட்டார். அளவு தெரிந்தால் கழித்துப் பார்க்கலாம். மிஞ்சுவது நாற்பதுக்குக் கீழே போனாலும், பிழை இவ்வளவுதான் என்று காட்டலாம். நான் யோசித்தேன். முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் கொஞ்சம், பிறகு நுரையைப் பார்த்து அளவாக. சிற்றுண்டிச்சாலைக் கோப்பையின் அளவுகூட எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக நான்கு தசம தானம் வரை நிறுத்துப் பழகிய நான், கண்ணால் பார்த்து ஊற்றினேன் என்று அவருக்குச் சொன்னேன். அதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் அகப்படாமல் கையால் காட்டினேன். அவர் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மிக நல்ல ஆங்கிலத்தில் நிதியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்பிய எண் தவறானது, அதை மீளப் பெறுகிறோம், திரும்பவும் செய்து உண்மையான முடிவைத் தருவோம். தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அடுத்த ஓட்டத்துக்கு ஒரு துளி எண்ணெயும் விடவில்லை. சாடியைப் பாதிக்கு மட்டும் நிரப்பி, காற்றைக் குறைத்து, ஐந்து நாட்களும் கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நுரையைக் காவல் காத்தேன். அக்கா மதியத்தில் வந்து, நீங்க போய்ச் சாப்பிடுங்க என்று சொல்லி அந்த அரை மணி நேரம் என் இடத்தில் இருப்பார். முடிவில் முப்பத்திரண்டு வந்தது. இந்தத் தடவை தாளில் இரண்டே மலைகள். அதை அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து, எங்கள் முயற்சியைப் பாராட்டி, இரண்டாம் கட்டம் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது.

நான் பயந்த அளவுக்கு எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வீட்டிலிருந்தே, முப்பத்திரண்டை வைத்து முதுதத்துவமாணிக்கு ஆய்வேட்டை எழுதி முடித்தேன். இரத்மலானைப் பக்கம் பிஸ்கட் செய்யும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் வேலை கிடைத்தது. படிவங்கள் சாமிப்படத்துக்குக் கீழேயே இருந்தன. தேங்காய் எண்ணெய்க் கதையை நான் எங்கும் சொல்லத் தொடங்கினேன். கலியாண வீடுகளில், பிறந்தநாள் விழாக்களில், லிஃப்டில்கூட. கதையில் நான் ஒரு மடைச்சியாகவும் வருவேன், கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டவளாகவும் வருவேன். இயந்திரம் நாற்பது நிமிடம் ஓடிய பகுதியை விட்டுவிடுவேன். கேட்பவர்கள் சிரித்துவிட்டு, இந்தக் காலத்தில் இப்படி யார் இருக்கிறார்கள் என்பார்கள். எனக்கு அது இனித்தது. உண்மை சொல்லித் தோற்றவள் என்ற பெயர், வென்றவள் என்ற பெயரைவிட அப்படியொன்றும் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திருத்திய ஆய்வேட்டின் பிரதியைக் கொடுக்க, அந்தக் கடிதம் வந்து எட்டு மாதங்களுக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்குப் போனேன். இயந்திர அறை திறந்து கிடந்தது. இயந்திரத்தின் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். அக்கா லீவா என்று பேராசிரியரிடம் கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். உனக்குத் தெரியாதா என்றார். அக்காவுக்கு ஒருநாளும் நிரந்தர நியமனம் கிடைத்ததில்லை. ஒன்பது வருடங்களாக ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்கு ஒப்பந்தம் மாறி மாறி வந்தவர். கடைசியாக அவருடைய சம்பளம் வந்ததும் எங்களுடைய திட்டத்திலிருந்துதான், என் சம்பளம் வந்த அதே இடம். இரண்டாம் கட்டம் இல்லை என்று கடிதம் வந்ததோடு அவருடைய வேலையும் போனது. இவ்வளவையும் பேராசிரியர் ஆங்கிலத்தில் மூன்று வசனங்களில் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். நல்ல வெயில். கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நாள் முழுக்க நிற்கிற வேலை, கணுக்கால் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார், அம்மாவைப் பற்றி விசாரித்தார், ஆய்வேடு முடிந்ததா என்று கேட்டார். நான் கொண்டுபோன பிரதியை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, நேரே பின்பக்கம் திருப்பி, அந்த இரண்டு மலைகள் இருந்த பக்கத்தைத் தேடிப் பார்த்தார். சுத்தமா வந்திருக்கு என்றார்.

இடையில் ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்குச் சிங்களத்திலும் ஒருவருக்குத் தமிழிலும் மருந்து எப்போது குடிக்க வேண்டும் என்று சொல்லி, உறையில் எழுதிக் கொடுத்தார். நான் ஒதுங்கி நின்று, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், தொடங்கினேன். பஸ்ஸில் நின்றுகொண்டு அவரைப் பற்றி நினைத்ததை எல்லாம் சொன்னேன். ஓய்வூதியம் வரை சொன்னேன். அவர் அதற்கும் சிரித்தார், பென்ஷன் இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும் என்றார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

“ஏன் அக்கா அண்டைக்கு எனக்குச் சொல்லேல்ல, உங்கட வேலையும் அதிலதான் தங்கியிருக்கு எண்டு?”

அக்கா மாத்திரை அட்டை ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்து, உறைக்குள் போட்டு, வாயை மடித்தார்.

“சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க நங்கி?”

குரலில் குத்தல் இல்லை. நான் நின்று யோசித்தேன், அதிக நேரம் தேவைப்படவில்லை. இரண்டு தாள்களையும் வாங்கிக் கிழித்திருப்பேன். அக்காவின் வேலையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருப்பேன். அன்று என்னிடம் இல்லாதிருந்தது அந்த ஒரு சாட்டு மட்டும்தான். அவர் அதை எனக்குத் தரவில்லை.

“தெரியேல்ல அக்கா” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரின் மருந்துச் சீட்டை வாங்கக் கையை நீட்டினார். நான் விலகி வழிவிட்டேன்.